கரைக்கோடு

இரவு பத்து பத்துக்கு
பிச்சை மைதீனின் முன்கையில்
நீலப் பேனாவால் ஒரு கோடு வரைந்தேன்,
மணிக்கட்டிலிருந்து நான்கு விரல் மேலே,
சிவப்பு எங்கே நிற்கிறதோ அங்கே.
பக்கத்தில் நேரம்.

"வெட்டப் போறீங்களாம்மா?"
மீன் வெட்டுகிறவரின் கேள்வி.
இல்லை, காவலுக்கு என்றேன்.

கெளுத்தி முள்.
வியாழக்கிழமை, தேக்காவில்,
ஐஸ் பெட்டிக்குள் கை விட்டபோது.
முப்பத்தொரு வருடத்தில் குத்தாத முள்ளா?
மஞ்சளை அப்பிக்கொண்டு இரண்டு நாள் கடை திறந்தார்.
மூன்றாம் நாள் மோதிரம் கழலவில்லை.
அதை இங்கேதான் வெட்டினோம்.
வெள்ளித் துண்டுகள் இரண்டையும்
பிளாஸ்டிக் பையில் போட்டுப் பெயர் ஒட்டினேன்.

கோப்பில் செல்லுலைட்டிஸ்.
அவரிடம், தோலுக்கடியில் கிருமி.
கத்தரிக்காய்போல் மினுங்கிய தோல்
கையுறை தாண்டிச் சுட்டது.

எந்த மருந்தாவது ஒத்துக்காதா?
"மருந்தெல்லாம் ஒத்துக்கும். றாலு ஒத்துக்காது.
விப்பேன், திங்க மாட்டேன்."
அதையும் எழுதிக்கொண்டேன்.

கையை உயர்த்திக் கட்டினோம்,
வீக்கம் இறங்க, விரல்நுனி நெஞ்சுக்கு மேலே.
இரவு முழுக்க
நிற்காத டாக்சிகளை நிறுத்துகிறவர்போல் படுத்திருந்தார்.

இரண்டு மணி. முப்பத்தொன்பது புள்ளி ஒன்று.
மரிவிக் டார்ச் பிடித்தாள்.
சிவப்பு என் கோட்டைத் தாண்டியிருந்தது,
ஒரு விரல் அகலம்.

பீச் ரோட்டில் கடல் இல்லாத ஊர் இது.
மண்ணைக் கொட்டிக் கொட்டிக்
கரையைத் தள்ளிக்கொண்டே போனார்கள்.
கடலுக்கு ஒதுங்க இடம் இருந்தது.
ஒரு கைக்கு எவ்வளவு இடம்?
முழங்கை. அக்குள்.
அப்புறம் மார்பு.

இரண்டாவது கோடு வரைந்தேன். டாக்டர் கோவை எழுப்பினேன்.
மீன் முள் என்றதும்
இன்னொரு மருந்தையும் சேர்க்கச் சொன்னார்.
சொட்டு சொட்டாக அது இறங்குவதற்குள்
மைதீன் கடைக்குப் போய்விட்டிருந்தார்.
என்னைப் பார்த்து,
"குராவ் கிலோ இருபத்தெட்டு.
வெட்டித் தரவா, முழுசாவா?"

முழுசா, என்றேன்.
"தலையோடவா?"
எல்லாத்தோடயும். முழுசா இருக்கட்டும்.
"சரி" என்று கண்ணை மூடினார்.

நாலு மணிக்குப் பார்த்தேன். ஐந்துக்குப் பார்த்தேன்.
ஐந்தேமுக்காலுக்குப் பார்க்க வேண்டியதே இல்லை, பார்த்தேன்.
கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.
தாண்டவில்லை.
தாண்டவில்லை என்றுதான் எழுத முடியும்.
குணம் என்று எழுத இன்னும் நாளாகும்.

அடுத்த இரவு வந்தபோது
முதல் கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது.
விட்டுப்போன இடமெல்லாம்
வற்றிய குளத்துச் சேறாகத் தோல் சுருங்கிக் கிடந்தது.
மோதிரத்தை ஒட்ட வைக்க முடியுமா என்று கேட்டார்.
சிராங்கூன் ரோட்டில் கேட்டுப் பாருங்கள் என்றேன்.

கை கழுவினேன்.
ஒரு ஷிஃப்டில் அறுபது முறையாவது கழுவுகிறேன்.
என் விரல்கணுக்களில் சின்னச் சின்ன வெடிப்புகள்,
உள்ளே நுழைய அதுவே போதும் என்று
மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள்.
வாசலின் தடவிக்கொண்டேன்.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம்.
கோடுகள் இரண்டும் குளித்தும் போகவில்லை.
மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.
சின்னக் கீறல் என்றாலும் சோப்பு போட்டுக் கழுவுங்கள், மூடுங்கள்.
கெட்டியான கையுறை போட்டு வெட்டுங்கள்.

"கையுறை போட்டா மீன் வழுக்கும்மா."

அறிவுரை வழங்கப்பட்டது என்று எழுதினேன்.
ஏற்றுக்கொண்டார் என்று எழுதவில்லை.