கழித்தால் சரக்கு

கங்கைகொண்டான் எடைமேடையில்
ராத்திரி சீட்டுப் போடுகிறவள் நான்.
லோடு வண்டி ஏறும், எண் நிற்கும்.
காலி வண்டி ஏறும், எண் நிற்கும்.
கழித்தால் சரக்கு.
தார்ப்பாயை அவிழ்த்து
உள்ளே என்ன என்று கேட்கிற வழக்கமில்லை.

என் கணக்கில் பத்தொன்பது நாள்.

புரட்டாசி ஆறாம் தேதி
வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.
அடுத்த அடி
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில்.
காலில் யாருடையதோ செருப்பு.
நகக்கண்ணெல்லாம் சுண்ணாம்பு.
பேரைக் கேட்ட நர்சிடம்
பேச்சிக்கனி என்று சரியாகச் சொல்லிவிட்டுத்
தேதி கேட்டேன்.
"இருபத்தஞ்சும்மா."
எடை பார்த்தார்கள். எட்டு கிலோவைக் காணோம்.

"விடுட்டி, போனது போட்டும்" என்பாள்
அக்கா சண்முகவடிவு.
போனதுதான் போக மாட்டேன் என்கிறது.

அன்றைக்குப் புளியங்குடி எலுமிச்சை லோடு.
டிரைவர் பின்கதவுக் கொண்டியைத்
தட்டி எடுத்தான், அவ்வளவுதான்:
பச்சைப் பெயிண்ட் அடித்த ஜன்னல்,
கம்பியில் ஆண்பிள்ளை பனியன்,
எங்கோ ரேடியோ மழையளவு வாசிக்கிறது
காக்காச்சி, மாஞ்சோலை, நாலுமுக்கு
ஊத்து என்னும்போது கதவு திறக்கும்
திறந்து வருவது யார் என்பதற்குள்
"யக்கா, சீட்டு."

ஞாபகம் என்றால் அதற்கு
ஒரு நேற்று வேண்டாமா.
இதற்கு இல்லை.
நடந்தது என்று சொல்ல வாய் வரவில்லை,
நடக்கிறது.
எலுமிச்சை வாசத்துக்கு நடுவில்,
கால்குலேட்டரில் விரல் இருக்கும்போதே.

டாக்டர் எழுதி வைக்கச் சொன்னார்.
சீட்டுக்குப் பின்பக்கம் எழுதுகிறேன்.
கொண்டி. பனியன். பச்சை.
ஒருநாள் ஒன்றைத் தெரியாமல்
தூத்துக்குடி வண்டியில் கொடுத்தனுப்பிவிட்டேன்.
உப்போடு போயிற்று.

விடிகாலை ரேடியோவில் மழையளவு வந்தால்
நாலுமுக்கோடு சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.
நேற்றுக் குறைக்கவில்லை.
ஏன் என்று தெரியாது. கை எழவில்லை.
ஊத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர்.

கதவு திறந்தது.
ஆளில்லை.
ஒரு பொம்பளைக் கை மட்டும்,
ரெண்டு ரப்பர் வளையல்,
தன் செருப்பைக் கழற்றி
வாசல்படிக்கு உள்ளே
என் பக்கமாகத் தள்ளிவிட்டுப் போயிற்று.

வெளியே ஹாரன்.
எண் நின்றிருந்தது.
நான் இன்னும் எழுதவில்லை.

வார் அறுந்து இரண்டு தடவை தைத்தாயிற்று.
அளவும் எனக்குப் பெரிசு.
தூக்கிப் போடுட்டி என்று
இன்றைக்குக் காலையிலும் சொன்னாள் அக்கா.