பதினைந்து நிமிடம்

புரட்டாதியில் வேலை தந்தார்கள்.
நகரசபைச் சுகாதாரப் பிரிவு, நான்கு மாத ஒப்பந்தம்.
மாலையில் ஒரு பக்க ஆங்கிலம் வரும்.
காலை பத்துக்கு அது தமிழாகிவிட வேண்டும்.

எனக்கு முன்னிருந்தவர் எழுதி வைத்திருந்தார்:
‘நாவல் காய்ச்சல் பரவுகிறது.’
கதை வாசித்து வந்ததா,
பழம் தின்று நாக்கு ஊதாவானதா?
வெட்டிவிட்டுப் ‘புதுவகை’ என்று போட்டேன்.

‘பன்றி’ வேண்டாம் என்றது அலுவலகம்.
ஆனாலும் எக்லின்ரன் வீதியிலிருந்து ஓர் அம்மா,
தொலைபேசியில்:
“நாங்கள் சைவம், பிள்ளை. எங்களுக்கேன் ஊசி?”

இருமும்போது தெறிப்பதைத் துளி என்றால்
கழுவிய கையில் மிஞ்சும் நீரும் துளிதான்.
துமி என்று எழுதினேன்.
சரிபார்ப்பவர் கேள்விக்குறியோடு திருப்பி அனுப்பினார்.
எச்சில் என்றேன்.
அதற்கு ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை.

ஐப்பசிக் கடைசியில் சுவரொட்டி.
மஞ்சள் தாள், தடித்த எழுத்து, மூவாயிரம் பிரதி.
தடுப்பூசி முகாம்.
அடையாள அட்டை கொண்டுவரவும்.
வரிசையில் காத்திருக்கவும்.
குடும்பத்தார் எல்லோருடைய பெயரும் பதியப்படும்.

ஒற்றுப்பிழைகூட இல்லை.
இரண்டு தரம் பார்த்தேன்.

முதல் நாள் சீனர்கள் வந்தார்கள், கயானாக்காரர்கள்,
கைக்குழந்தைகளோடு சோமாலியப் பெண்கள்.
ஸ்காபரோ சமூக நிலையத்தின் விளையாட்டுக்கூடம்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே என் மேசை,
அதில் ‘தமிழ்’ என்ற அட்டை.
பின்னேரம் அந்த அட்டையை நிமிர்த்தி வைத்தேன்,
வேறு வேலை இருக்கவில்லை.

இரண்டாம் நாளும்.

மூன்றாம் நாள் குணநாயகம் வந்தார்.
வெதுப்பகத்தில் இரவு வேலை, சப்பாத்தில் இன்னும் மா.
மகளின் வகுப்பில் ஒன்பது பிள்ளைகளுக்குக் காய்ச்சலாம்.
நாலாக மடித்த மஞ்சள் தாளை மேசையில் விரித்தார்.

“தங்கச்சி, இதை எழுதினது ஆர்?”

நான்தான்.

அவருடைய விரல் முதல் சொல்லில் பாதிவரை போய்
ஊசிக்கு முன்னால் நின்றது.
பிறகு அடுத்த சொல்லுக்கு நகர்ந்தது.
“தம்பி தடுப்பிலை,” என்றார்.
“அம்மா முகாமிலை.”
தாளைத் திரும்ப மடித்துக்கொண்டு போனார்.

வைகாசியிலிருந்து நானும்
அந்த இரண்டு சொற்களோடுதான் படுத்தெழும்பினேன்.
எழுதும்போது என் காதில் விழவில்லை.

அன்றிரவு கறுப்பு மார்க்கர், எழுநூறு தாள்.
‘காய்ச்சல் ஊசி போடும் இடம்’,
கை வலிக்க வலிக்க, கோணலாக.
மிச்சம் ஏற்கெனவே மரக்கறிக்கடைக் கண்ணாடிகளில்,
கோயிலில் செருப்பு வைக்கும் தட்டுக்கு மேலே,
உயரமான கட்டடங்களின் லிஃப்டுக்குள்.
மேலிடத்துக்கு எழுதிய மின்னஞ்சலில்
‘சிறிய சொல் திருத்தம்’ என்றேன்.
அதற்கு மேலே என் ஆங்கிலம் போகவில்லை.

சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.
திருத்திய தாளைக் கண்டாரா,
பத்தாவது பிள்ளைக்கும் காய்ச்சல் வந்ததா,
நான் கேட்கவில்லை.
முதலில் தன் சட்டைக் கையைத்தான் சுருட்டினார்.

ஊசி போட்டபின் பதினைந்து நிமிடம்
இங்கேயே இருக்கவேண்டும் என்றாள் தாதி மரிசோல்.
நான் தமிழில் சொன்னேன்.

“இருந்து?”
“ஒன்றுமில்லை. மயக்கம் வருதோ என்று பார்ப்பார்கள்.”
“பிறகு?”
“பிறகு வீட்டை போகலாம்.”
“கையெழுத்து?”
“தேவையில்லை.”

நாற்காலியை வாசலோரம் இழுத்துப்போட்டு இருந்தார்.
பிள்ளை தன் பிளாஸ்டரிலிருந்த டைனோசரின்
கால்களை எண்ணினாள்.
அவர் கதவின் கைபிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து
பழைய சுவரொட்டிக் கட்டொன்றை அடியில் வைத்தேன்.
கார்த்திகைக் காற்று உள்ளே வந்தது.
மேசைகளிலிருந்து படிவங்கள் பறந்தன.

குளிருது, மூடு என்றாள் மரிசோல்.

இன்னும் ஏழு நிமிடம், என்றேன்.