ரீ

பேரணாம்பட்டு நகராட்சி, பிறப்பு இறப்புப் பிரிவு.
மின்விசிறி சுற்றினால் ரசீது பறக்கும்,
நிறுத்தினால் தோல் ஷாப்பு வாடை வந்து உட்காரும்.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மெஹர்தாஜ்,
ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள்,
விரல் நுனியெல்லாம் காய்ந்த பசை.
மகளின் சான்றிதழை என்னிடமே திருப்பித் தள்ளினாள்.

"எம் பொண்ணு என்ன குதிரையா மேடம்?"

பார்த்தேன். பரி.
நான் தட்டியதுதான்.
இங்கிலீஷில் நாலெழுத்து, இரண்டுக்கும் அதுவே பொது.
தமிழ் படித்த எவளும்
பரி என்று கண்டால் கடிவாளத்தைத்தான் தேடுவாள்.

"ரீன்னு இழுக்கணும். றெக்கை இருக்கிறவ.
இவ அப்பா ஊரு வி.கோட்டா.
அங்க தெலுங்குல கரெக்டா எழுதியிருக்காங்க."
தடுப்பூசி அட்டையை நீட்டினாள்.
பத்தலப்பல்லி வளைவுகளில் ஏறி இறங்கி
மூலை மடிந்த அட்டை.
தெலுங்கு எனக்குப் பேச வரும், படிக்க வராது.
ஆனாலும் அந்த எழுத்தின் கொண்டை
வேறு மாதிரி முடிந்திருந்தது தெரிந்தது.

திருத்தத்துக்கு மனு, இரண்டு சாட்சி, ஏழு நாள் என்றேன்.
பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு போனாள்.

அன்று ராத்திரி கரண்ட் இல்லை.
ஆந்திரக் காட்டு யானை மாந்தோப்பில் இறங்கிவிட்டதென்று
தூரத்தில் வெடிச் சத்தம்.
போனில் பதினெட்டு சதவீதம்.
அந்த வெளிச்சத்தில் அவளைத் தேடினேன்.

ஈரானில், ரொம்பப் பழைய நாளில்,
அவள் பெயர் பைரிகா. சூனியக்காரி.
எரிநட்சத்திரமாய் வந்து விழுவாளாம்.
வானத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் நின்று
மழையை மறிப்பாளாம்.
விளையாத வருஷத்தை
அவள் கணக்கில் எழுதினார்கள்.
சபித்துச் சபித்து ஓய்ந்திருக்க வேண்டும்;
ஆயிரம் வருஷம் கழித்து அதே வாய்கள்
அழகிக்கு உவமை தேடி
அவளிடமே வந்து நின்றன.
இடையில் எங்கே முகம் கழுவினாள்,
யார் தண்ணீர் ஊற்றினார்கள்,
எவனும் எழுதி வைக்கவில்லை.

பிறகு கிளம்பிவிட்டாள்.
துருக்கியில் பெரி.
மலாய்க்காரரிடம் பரி-பரி,
தனியாய்க் கடல் தாண்டப் பயந்தவள் போல.
வெள்ளைக்காரனின் ஃபேரி இவளுக்கு உறவில்லையாம்,
முகஜாடைதான்.
தக்காணத்துக் குதிரைப் படையோடு
பரி மேல் பரீயாக
இந்த மலையிறங்கி வந்திருப்பாள்.
(இது போனில் இல்லை. நானே சொல்வது.)

நரியைப் பரியாக்கிய நாட்டில்
பரீயைப் பரியாக்கியவள் நான் ஒருத்தி.
நாலு சதவீதத்தில் போனை அணைத்தேன்.

எட்டாம் நாள் வந்தாள்.
சொல்லாமல் இருந்திருக்கலாம், வாய் நிற்கவில்லை.
மழையை மறிப்பவள் என்றதும் சிரித்துவிட்டாள்.
"மலட்டாத்துக் கரையில குடியிருக்கோம்.
இதுக்கு மேல அவ என்னத்த மறிக்கப் போறா?"
சிரிப்பு பாதியில் நின்றது.
காய்த்த விரலால் ஜன்னல் பலகையைத் தட்டிக்கொண்டே,
"கெட்டவளாவும் இருந்திருக்காளா...
இருக்கட்டும் மேடம்.
நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தனியா வர்ற பொண்ணுக்கு
அதுவும் கொஞ்சம் வேணும்."

வரிசையில் பின்னால் ஒருவர்
இறப்புச் சான்றிதழுக்கு நின்றிருந்தார்.
அவசரப்படுத்தவில்லை.

ஒரு விசை.
ரியின் தலைமேல் சின்னச் சுழி விழுந்தது.
பிரிண்டர் இருமி இருமித் தாளைத் தள்ளியது.
முத்திரை காயும் முன்னே
பிள்ளை எட்டிப் பிடித்து
ஓரத்தை வாயில் வைத்துக்கொண்டது.

பிடுங்கினோம்.
ஈரம் பெயர் வரைக்கும் போகவில்லை.