இருபது வளைவு

முதலில் பெயர்கள்.
மூடுவதற்கு ‘மூடு’ போதும்.
எடுப்பதற்கு மட்டும்
‘ரகசியத்தை_வெளியே_எடு’ என்று
முழ நீளத்துக்கு வைத்தேன்,
எழுதுகிறவர் கை கொஞ்சம் கூசட்டும்.

அஸ்தம்பட்டி மாடி அறை, இரவு, மின்விசிறி.
ஏன் இத்தனை மெதுவாகத் திறக்கிறது என்றான் தவமணி.
ஏற்காடு பஸ்ஸைச் சொன்னேன்.
சொல் தெரிந்தவரும்
இருபது கொண்டை ஊசியும் ஏறித்தான் ஆகவேண்டும்.
திருடனுக்கு
ஒவ்வொரு தப்புக்கும்
மறுபடி அடிவாரம்.

உப்பும் போட்டோம்.
ரெண்டு பேர் ஒரே மகள் பெயரை வைத்திருந்தாலும்
கோப்பில் ஒரே ஜாடை தெரியக்கூடாது.

படித்த இடத்தைப் பூஜ்யத்தால் துடைக்க
ஒரு மாசம் போனது.
கம்பைலர் கெட்டிக்காரன்.
இனி யாரும் எட்டிப்பார்க்காத இடத்தை
எதற்குக் கழுவுகிறாய் என்று
அந்த வரியையே தூக்கிவிடுகிறான்.

‘மீட்டெடு’ என்றும் ஒன்று இருந்தது.
தவமணி எழுதியது, நல்ல மனசோடு.
ஒரு செவ்வாய்க்கிழமை அழித்தேன்.
மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஆடியில் போன்.
எஸ்டேட் ஆபீஸ் பிலோமினா:
கூலிக் கணக்கு, வங்கி, வரி, எல்லாம் உள்ளே.
சொல் மறந்துபோச்சு.
“ஏதாவது வழி இருக்குமே,
நீங்கதானே எழுதினீங்க?”
நான் எழுதியதால்தான் இல்லை
என்று சொல்ல வாய் வரவில்லை.
பஸ் ஏறினேன்.

சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி.
கைப்பிடிச் சுவர் வரை வந்து நின்ற மூட்டம்.
அவர் தட்டத் தட்ட
நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.
தவறு.
ஒன்றரை நொடி.
தவறு.
ஜன்னல் கண்ணாடியில் அவர் உதடு மட்டும்
எதையோ முணுமுணுத்து அழித்தது.
தவறு.
இருபத்துமூன்றாவதோ நான்காவதோ,
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்,
காது வரை வெட்கம்.
என்ன சொல் என்று நான் கேட்கவில்லை.
காப்பி கொடுத்தார், சர்க்கரை தூக்கலாய்.

இறங்கும்போது, பதினான்காம் வளைவில்
உறைத்தது:
ஐம்பத்தெட்டு வயதுக்காரரிடம்
அத்தனை முறையும் நான் பேசியது
‘தவறு’ என்ற ஒரே சொல்.
லேப்டாப்பை மடியில் திறந்தேன்.
‘இது இல்லை’ என்று மாற்றலாமா?
‘இன்னொரு முறை பாருங்கள்’?
அதற்குள் பஸ் சாய்ந்தது,
பக்கத்து ஆள் தோளில் விழுந்தேன்,
மன்னிக்கணும் என்றேன்.

அதைக்கூட யோசித்துப் பார்த்தேன்.