வாங்க வராத படம்

மூன்றாம் பாகம் வெளியாக இருபத்திரண்டு நாள்.
சமாதானபுரம் மாடி அறையில்
யோகா பாயை என் நெஞ்சளவுக்கு வெட்டிக்கொண்டிருந்தேன்.
திரையில் அவளுக்கு அது விண்கலத்து உலோகம்.
எனக்கு இருநூற்றெண்பது ரூபாய்.
இஸ்திரிப் பெட்டியில் சூடு காட்டி
குக்கர் மேல் கவிழ்த்து அழுத்தினேன்.
இரண்டு தோளும் ஐந்து லிட்டர்.

ஜங்ஷன் கடையில்
நீல விளக்குப் பட்டை கேட்டபோது
"கல்யாண வீடா, கொடையா?" என்றார்.
"எனக்கு" என்றேன்.
ஏற இறங்கப் பார்த்து
அரை மீட்டர் கூடவே விட்டு நறுக்கினார்.

தேதி முடிந்த டிரிப் குழாய்கள்
கைநெடுக நரம்பாயின.
சண்முகக்கனி டார்ச் பிடித்தாள்,
ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்ற காலோடு.
"ஏட்டி, வேர்த்தா கரண்டு அடிக்காதா?"
"பன்னெண்டு வோல்ட்டுதான்."
"அது எறும்பா, தேளா?"
சரியாகச் சொல்லத் தெரியவில்லை.
பற்றவைத்த ஈயம் பாவாடையில் சொட்டி
அது ஒரு தனி வாக்குவாதம்.

மார்புதான் சரிவரவில்லை.
பால்நிற பிளாஸ்டிக், டிபன் டப்பா மூடி,
எதை வைத்தாலும்
கதவு திறந்த பிரிட்ஜாகவே எரிந்தேன்.

நான் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
ஹைகிரவுண்டில் எங்கள் சென்டரின் இரும்பு அலமாரியில்
பணம் கட்டி, மூச்சுப் பிடித்து,
பிறகு வாங்க வராதவர்கள்
பழுப்பு உறைக்குள் வரிசையாக நிற்கிறார்கள்.
வெள்ளி எடுக்கிறவர் எப்போதாவது வந்து
கிலோ போட்டுக் கொண்டுபோவார்.
அவர் தராசு வருமுன் ஒன்றை உருவினேன்.
முப்பிடாதி, ஐம்பத்தெட்டு, ஆண், மார்பு.

அன்றிரவு சுவிட்சைத் தட்டினேன்.
எலும்பு எரிந்தது. இதயம் எரிந்தது.
காற்று நின்ற இடம் மட்டும் இருட்டு.
"நல்லா இழுங்க, பிடிங்க, விடாதீங்க"
நான்தான் சொல்லியிருப்பேன்.
விடலாம் என்று சொன்னேனா?
சண்முகக்கனி டார்ச்சை அமத்தினாள்.
தேவைப்படவில்லை.

வண்ணாரப்பேட்டைக்குப் பேருந்தில்தான் போனோம்.
நடத்துனர் தோளைப் பார்த்து
"இதுக்கு லக்கேஜ் போடணும்" என்றார், போடவில்லை.
படம் தொடங்கியதும் பின்வரிசைக் குரல்:
"எம்மா, லைட்ட அமத்தும்மா, ஒண்ணும் தெரியல."
அமத்தினேன்.
இடது தோள் மட்டும் கேட்கவில்லை.
சண்முகக்கனி தன் துப்பட்டாவைச் சுற்றி
மூன்று மணி நேரம் அதன்மேல் சாய்ந்திருந்தாள்.
கிளைமாக்ஸை அவள் ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தாள்.
இடைவேளையில் ஒரு பொடியன்
ஐஸ்கிரீம் குச்சியால் என் நெஞ்சைக் காட்டி
"அக்கா, இது உங்க எலும்பா?"
"இல்ல."
"அப்போ யாருக்க?"
மணி அடித்துவிட்டது.

ஒன்பதாம் நாள்
நான்காய் மடித்த ரசீதோடு ஒருவர் வந்தார்.
முன்னீர்பள்ளம். முப்பிடாதியின் மகன்.
"மதுரையில பழைய படம் கேக்காவ."
அலமாரியில் தேடுவதாகப் பத்து நிமிடம் நின்றேன்.
"நாளைக்கு வாங்க."

பிளேடால் எம்சீலைச் சுரண்டினேன்,
மூலை மூலையாக.
நாலாம் விலா ஓரம் ஒரு வெள்ளிப் பெயிண்ட் சொட்டு
என்ன தேய்த்தும் போகவில்லை.

ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.
"இது என்ன புள்ளி? நோயா?"
"இல்ல, இல்ல. எங்க தப்பு அது."
"அப்பா எப்படி இருக்காவ?"
"வாய் ஓயல. இளைப்புதான் கொஞ்சம்."
படியிறங்கியவரைக் கூப்பிட்டேன்.
"மூச்சை விட்டுரச் சொல்லுங்க."
"என்னது?"
"ஒண்ணுமில்ல. பாத்துப் போங்க."

உடை ஆணியில் தொங்குகிறது,
நெஞ்சில் பதினாலுக்குப் பதினாலு ஓட்டை.
பின்னால்தான் பிளக் பாயிண்ட்.
சண்முகக்கனி அதற்குள் கை விட்டு
போனைச் சார்ஜில் போடுகிறாள்.