முன்னாள் பெயர், இருந்தால்

எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தீர்கள் என்கிறாள்
ஜோஹானஸ்பர்க்கிலிருந்து ஒருத்தி.
குரலுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்.
எந்தப் பெயரைச் சொல்ல?

திதியன்று ஐயர் கேட்பாரே,
அப்பா பேர், அவருக்கு அப்பா பேர், அவருக்கும் அப்பா,
அப்படித்தான் சொன்னேன்,
எள்ளும் தண்ணீரும்தான் இல்லை:

ஹார்க்னெஸ் அண்ட் சன்ஸ். கரும்பாலைக்கு உருளை வார்த்தவர்கள்.
சண்டை வந்ததும் அதே உலையில் மோர்ட்டார் குண்டு.
சண்டை முடிந்தும் உலை ஆறவில்லை.
அரசாங்கம் பாதி வாங்கியதும் டோரிங்ஸ்டால்.
நான் சேர்ந்தது அந்தப் பெயரில், எழுபத்தெட்டு, மார்ச்.
இந்த நாட்டுக்கு ஆயுதம் விற்பதில்லை என்று
உலகம் கைவிரித்த நாலாம் மாதம்.
அதற்குள் ஜேக்கப்ஸில் மூன்று ஷெட் எழும்பியிருந்தது.
பெட்டிகளின் மேல் ஸ்டென்சில்: பாசனக் குழாய்.
எந்த வயலுக்கு என்று நான் கேட்கவில்லை.
அவளிடம் இதைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

என் வேலை அளவு பார்ப்பது.
பித்தளை மூக்கு, உள்ளங்கையில் அடங்கும்.
கேஜில் நுழைந்தால் பச்சைத் தட்டு, இடித்தால் சிவப்பு.
ஷிஃப்டுக்கு ஆயிரத்து நூறு.
சாயங்காலம் பஸ்ஸில் சாட்ஸ்வொர்த் திரும்பி
அதே விரலால் வெண்டைக்காய் நுனி ஒடித்து வாங்குவேன்.

தொண்ணூற்றிரண்டில் பலகை இறங்கியது: டார்னெக்ஸ்.
வெளிநாட்டுப் பங்கு வந்து பெயருக்கு நடுவில்
ஒரு சின்னக் கோடு விழுந்தது: டார்னெக்ஸ்-வெய்ல்.
இரண்டாயிரத்து ஒன்பதில் ஆர்க்கெல்லா.
இப்போது ஷெட் இல்லை. உம்ஷ்லாங்காவில் கண்ணாடிக் கட்டடம்.
தீர்வுகள் செய்கிறார்களாம்.

நூற்றாண்டு மலர் எனக்கும் தபாலில் வந்தது,
இரண்டு கிலோ இருக்கும்.
ஐம்பத்திரண்டாம் பக்கம் 1976.
ஐம்பத்து மூன்றாம் பக்கம் 1995.
நடுவில் தையல் நூல்.

உங்கள் பென்ஷன் விஷயமா, அம்மா?
இல்லை மகளே. பெகின்கோசி ந்லோவு. உலைக்காரர்.
ஹார்க்னெஸ் காலத்து ஆள், முப்பத்தொரு வருஷம்.
வலது கையில் இரண்டு விரல்
அவருக்கு முன்பே ரிட்டயர் ஆயின.
ஆள் போய்விட்டார். மகள் கேட்கிறாள் அவர் பங்கை.

விசைகளின் சத்தம்.
அப்படி ஒருவர் இல்லையே.

ஜிம் என்று தேடிப் பார்.
சேர்ந்த அன்று ஃபோர்மன் ஃபூரீக்கு நாக்கு வளையவில்லை.
ஜிம் என்று எழுதிக்கொண்டார்.
முந்தைய ஆளும் ஜிம்தான்.

பதினான்கு ஜிம் இருக்கிறார்கள், அம்மா.
இவரும் அவரும் ஒரே ஆள் என்பதற்கு ஆதாரம் வேண்டும்.
விரலைப் பற்றிக் கேட்டேன்.
அது டோரிங்ஸ்டால் காலம், அவர்கள் வேறு நிறுவனம்,
என்று எதையோ பார்த்துப் படித்தாள்.
பாவம், அவள் எழுதியதில்லை அது.

விழாவுக்கு 1911 முதல்.
கடனுக்கு 2009 முதல்.
ஐந்து பெயர் வைத்திருந்தவர்களை யாரும் கேட்டதில்லை,
நீயும் அவனும் ஒரே ஆள்தானா என்று.

போலீஸ் ஸ்டேஷனில் ஒன்றரை மணி நேரம் வரிசை.
சத்தியப் பத்திரத்துக்கு வாசகம் சொல்லித் தருகிறார் கான்ஸ்டபிள்.
வேண்டாம், எனக்குத் தெரியும்:

ஞானாம்பாள் படையாச்சி ஆகிய நான்
பத்தொன்பது வருஷம் கேஜ் பிடித்தவள்.
மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பாகம் பிசகினாலும்
சிவப்பில் போட்டவள்.
இந்த இரண்டு பெயரையும் ஒன்றுக்குள் ஒன்று
நுழைத்துப் பார்த்தேன்.
பிசகில்லை.

பச்சையில் போட்டதெல்லாம் எங்கே போய் விழுந்தது
என்று எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.
முத்திரை குத்தித் திருப்பித் தருகிறார்.
மை இன்னும் காயவில்லை.
நாளைக்கு மறுபடி கூப்பிட வேண்டும்,
ஒன்றை அழுத்து, பிறகு நாலை அழுத்து.