ஒரு பிரதி, முப்பத்தோரு பேர்

நாகலூர்ப் பள்ளியில் என் புத்தகம் ஒன்றே ஒன்றுதான்.
முப்பத்தோரு பேர் முறைவைத்துப் படித்திருந்தார்கள்.
பனியில் ஊறி அடுப்பருகே காய்ந்து
அட்டை அப்பளமாய் உப்பியிருந்தது.
நாற்பத்திரண்டாம் பக்கத்தில் காப்பிப்பழச் சாயம்.
யார் விரல் என்று கேட்டேன்.
எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.
ஜன்னலில் மேகம்தான் இருந்தது.

"ரைட்டர் மிஸ் வந்திருக்காங்க,
மனசுல பட்டதைச் சொல்லுங்க"
என்றார் தலைமையாசிரியர்.
சொன்ன பிறகு அவருக்கே வியர்த்தது.

முதலில் எழுந்தவன் லெவின்.
"தும்பன் மூணு நாள் சுரங்கத்துலயே இருந்தானே,
ஒண்ணுக்கு எங்க மிஸ் போனான்?"

கோட்டை, கொத்தளம், அகழி,
பீரங்கிக்கு எத்தனை படி மருந்து,
அத்தனையும் தேடித் தேடி எழுதியவள் நான்.
இதைத் தேடவில்லை.

கழுதைக்கு மந்திரி என்று பேர் வைத்தது சூப்பராம்.
"யாரங்கே, மந்திரியை வரச் சொல்!" என்றதும்
அது தர்பாருக்குள் நுழையும் இடத்தில்
மோனிஷுக்குப் புரையேறி
சத்துணவு முட்டை மூக்கு வழியாக வந்ததாம்.
மூன்று பேர் சாட்சி.
இதுவரை எனக்குக் கிடைத்த விமர்சனங்களில்
இதைவிட உயர்ந்தது இல்லை.

ஆனால் படத்தில் இருப்பது குதிரை, என்றாள் தர்ணிகா.
வாயால் சொன்னது போதாதென்று
கரும்பலகையில் இரண்டு காது வரைந்துவிட்டு
சாக்பீஸை என்னிடம் நீட்டினாள்,
மிச்சத்தை நீ போடு என்பதுபோல.

"வில்லன் எதுக்குக் குண்டா இருக்கான்?"
கேட்டவன் கொஞ்சம் பூசினாற்போல இருந்தான்.
நான் வார்த்தை தேடுவதற்குள்
"பரவால்ல, நான் ஒல்லியா நெனச்சுதான் படிச்சேன்"
என்று உட்கார்ந்துவிட்டான்.

ஆத்தூரிலிருந்து வந்து சேர்ந்த பத்மஸ்ரீ
கையைத் தூக்கவில்லை, நோட்டைத் தூக்கினாள்.
"பக்கம் பதினேழு. ராஜா ஜவ்வரிசிப் பாயசம் குடிக்கிறாரு.
எங்கப்பா சேகோ ஃபேக்டரி சூப்பர்வைசர்.
அப்பல்லாம் நம்ம பக்கம் மரவள்ளியே கெடையாதாம்."
என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு,
"சாமைப் பாயசம்னு மாத்திக்குங்க மிஸ்,
யாருக்கும் தெரியாது."

கடைசி வரிசையில் சிரிக்காமல் ஒருத்தி.
பேர் ராஜகுமாரி.
"மலையேறும்போது கழுதை உதைச்சு
பல்லக்கு கவுந்து ராஜா சேத்துல விழறாரே..."
வகுப்பு மறுபடி விழுந்து விழுந்து சிரித்தது.
அடங்கும்வரை நின்றாள்.
"ராஜா எந்திரிச்சிட்டாரு. கிரீடம்கூடக் கெடச்சிருச்சு.
தூக்கிட்டு வந்த நாலு பேரு?
அப்புறம் அவங்க வரவே இல்லியே."

மேகம் உள்ளே வந்து
முதல் பெஞ்சில் இடம் பிடித்தது.

"அடி பட்டிருக்காது" என்றேன்.
"நீங்க பாத்தீங்களா?"
வம்புக்கில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.
"ரோடு போடறதுக்கு முன்ன
தொரைங்களைச் சேர்ல வச்சு எங்காளுங்கதான் தூக்குவாங்களாம்.
வழுக்குனா மொதல்ல முட்டிதான் போகுமாம்."
அவர்கள் பேர் என்ன வைக்கட்டும் என்றேன்.
"கதை உங்களுதுதான?" என்றாள்.

ஏற்காட்டில் பஸ் மாறினேன்.
இருபது கொண்டையூசி வளைவு,
எழுத்து பக்கத்துக்குப் பக்கம் சரிகிறது.
ஏழாவது வளைவில் ஒருவன் எழுந்தான்.
பன்னிரண்டில் இன்னொருவன், அவன் தோளைப் பிடித்து மற்றவன்.
அஸ்தம்பட்டி வருவதற்குள்
மூவருக்குப் பேர் கிடைத்துவிட்டது.
நான்காமவன் எழ மறுக்கிறான்.
முட்டியைப் பிடித்தபடி
ராஜாவின் எடையைப் பற்றி உரக்கப் பேசுகிறான்,
ஒன்றுகூடப் பிள்ளைகள் புத்தகத்தில்
அச்சடிக்கத் தோதான வார்த்தை இல்லை.
கழுதை தலையாட்டிக் கேட்கிறது.

லெவின் கேட்டதுதான் பாக்கி.
சுரங்கத்துக்குள் இன்னும்
ஓரமாய் ஓர் இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.